அம்மா உட்காரும் பக்கம்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் இருமலும் விட்டிருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டர் மறுபடி பார்த்துச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவளுக்கு மறதி நோய் இல்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, விடாதே, ராஜினாமா கொடுத்திருந்தால் கெஞ்சியாவது திரும்ப வாங்கிக்கொள். தப்பு முழுக்க என்னுடையது. ஃபோனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

குளிர் தொடங்கியபோது நம் பழைய காரின் ஹீட்டரை நானே சரிசெய்துவிட்டேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா. அந்தக் காலத்து வண்டி அது, இரண்டு பக்கமும் இன்ஜின் புகை போகிற குழாய் சூடாகும், குழாயைச் சுற்றி ஒரு தகர உறை, அந்த உறைக்குள் ஓடுகிற காற்று சூட்டை வாங்கிக்கொண்டு நம் காலடிக்கு வரும், அவ்வளவுதான் ஹீட்டர். அம்மா உட்காரும் பக்கத்து உறை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. நான் தகரம் வெட்டி வைத்து, பசை பூசி, அழகாக அடைத்தேன். உள்ளே இருந்த புகைக்குழாயும் ஓட்டை என்பதைப் பார்க்கவில்லை. அதுவரை புகை அந்த உறையின் ஓட்டை வழியாகத் தெருவோடு போய்க்கொண்டிருந்தது, நான் அதை அடைத்து நேராக அம்மாவின் காலடிக்குத் திருப்பிவிட்டேன். பாய்லர் ரூமில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எத்தனை பேரைக் கசிவு பார்க்கவில்லை என்று திட்டியிருக்கிறேன், சொந்த வண்டிக்கு ஒரு சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. கர்வம், வேறென்ன.

அம்மா முதலிலேயே சொன்னாள், இந்த வண்டியில ஏறினாத்தாங்க தலை சுத்துது, பஸ்ல போனா ஒண்ணும் இல்லை என்று. காரை அவள் உங்க மூத்த தாரம் என்று கேலி செய்வாளே, நான் அதைப் பிடித்துக்கொண்டு, சக்களத்திப் பொறாமையா என்று சிரித்தேன். பாவம் குளிருமே என்று ஹீட்டரை முழுதாகத் திருகி வேறு விட்டேன். என் பக்கத்துக் கண்ணாடியை எப்போதும் கொஞ்சம் இறக்கி ஓட்டுகிறவன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் வகுப்புக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன், அங்கே போய் ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டிவிட்டாள், பழகிய பெண்ணின் பெயர் வரவில்லை. நான் உடனே வகுப்பை நடத்துகிறவரிடம் போய், இவளுக்கு வயசாகிவிட்டது, இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவளைக் கேட்கவே இல்லை. வீட்டிலேயே இருந்ததில் கொஞ்சம் தெளிந்தாள், பார்த்தாயா ஓய்வுதான் மருந்து என்று அதற்கும் நானே பெயர் வாங்கிக்கொண்டேன். டாக்டரிடமும் அதே காரில்தான் கூட்டிப்போனேன். அங்கே தேதி கேட்டபோது அவள் விழித்தாள். அதைத்தான் மறதி நோய் என்று உனக்கு எழுதினேன்.

போன வாரம் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் உன் மாமாவை ஓட்டச் சொல்லி, நான் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. பாதி வழியில் மண்டை பிளந்தது, குமட்டியது. நம் தெருமுனையில் மாமா, எந்தப் பக்கம் திரும்பணும் அத்தான் என்று கேட்க எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வண்டியை ஜாக்கில் ஏற்றி அந்த உறையைக் கழற்றினால் உள்ளே கரி, குழாயில் விரல் நுழைகிற ஓட்டை.

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைதானே என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, உட்கார்ந்து அழுதாள். சமைக்கும்போது ஏதோ முணுமுணுப்பாளே, பாட்டு என்று நினைத்திருந்தேன். உன் பிறந்த நாளும் உன் ஃபோன் நம்பருமாம். மறந்துவிடக் கூடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இரண்டு பக்கமும் புதுக் குழாய், புது உறை போட்டாயிற்று, சோப்புத் தண்ணீர் தடவியும் பார்த்தாயிற்று, விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றும் உள்ளே மாட்டியிருக்கிறேன். ஆனாலும் அவள் ஏறவில்லை, பஸ்ஸில்தான் போகிறாள், நியாயம்தான். வகுப்பை நடத்துகிறவரிடம் போய் உண்மையைச் சொன்னேன், திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் கத்தரிக்கோலை எடுத்தால் எல்லோரும் கையையே பார்க்கிறார்களாம். அந்தப் பார்வையை என்னால் எந்தப் பசை போட்டு அடைக்க முடியும், சொல்லு.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். உங்கள் வீட்டு ஹீட்டரையும் தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துவிடு. இன்னொன்று. இந்தக் குளிர்காலம் முழுக்க நீ ஃபோன் செய்து அம்மா எப்படி இருக்கா என்று என்னைத்தான் கேட்டாய், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க நானும் பதில் சொன்னேன். இனி என்னைக் கேட்காதே. நீ கூப்பிட்டால் ஃபோனை அவள் எடுப்பாள். அவளையே கேள்.

தலை நிமிர முடியாமல்,
உன் அப்பா