விண்காவலன் ஒன்பதாம் பாகம்

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

நோவோசிபிர்ஸ்கில் குளிர் எப்படி இருக்கிறது? இங்கே காரகோலில் அம்மாவும் நானும் இருக்கிறோம். எங்கள் எண்ணைப் பார்த்தாலே நீ போனை எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை அங்கே வரும் பக்கத்து வீட்டு ஜோல்தோஷ் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சினிமாச் சேதி. 'விண்காவலன்' ஒன்பதாம் பாகம் வந்தது. ஐந்தில் செத்து, ஆறில் பிழைத்து, ஏழில் மறுபடி செத்த மனிதன், இதில் கண் விழித்து, நடந்ததெல்லாம் கனவு என்கிறான். இத்தனை வருடம் நாம் அழுததெல்லாம் வீண். ஜன்னல் திரையை வெட்டி விண்காவலன்போல் அங்கி தைத்துப் போட்டுத் தியேட்டருக்கு வந்திருந்த கசாப்புக்கடை மிர்சா, "ஆட்டை அறுத்தா கறியாவது மிஞ்சும். இவனுங்க என்னத்தய்யா மிச்சம் வச்சானுங்க?" என்று மூக்கைச் சிந்தினார். ரசிகர்கள் எண்ணெய் காயவைத்து, செத்தவர்களுக்குப் பொரிப்பதுபோல் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து, விண்காவலன் சுவரொட்டிக்கு முன்னால் வைத்தார்கள்.

அப்பாவும் படத்துக்குப் போயிருந்தார். இரண்டு டிக்கெட் வாங்கி, பக்கத்து இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். கேட்டவர்களிடம், "என் மகனுக்கு. டிராஃபிக்ல மாட்டிக்கிட்டான், வந்துருவான்" என்றாராம். காரகோலில் ஏது டிராஃபிக்? ஆறாம் பாகம் பார்த்துவிட்டு, இதையெல்லாம் மடையன்தான் ரசிப்பான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நீ வண்டி ஏறியது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்த இருக்கையை விட்டுத்தரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "அவன் சொன்னதுதாம்மா சரி. மூணாம் பாகத்தோட முடிச்சிருக்கணும். மடையன் நான்தான். நாளைக்கு உன் போன்லேருந்து கூப்பிடு, எடுக்குறானா பார்ப்போம்."

மறுநாள் விடிந்ததிலிருந்து உன்னை விடாமல் கூப்பிட்டேன். ஆனால் அவர் சொன்னதைச் சொல்வதற்காக அல்ல.

சாவுச் செய்தியை நேராகச் சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். இதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை, தம்பி. முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டோம். மகன் நிற்க வேண்டிய வாசலில் சித்தப்பா நின்றார். உன்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அப்பாவை நினைத்து அழுத அளவுக்கு உன்னை நினைத்தும் அழுதேன்.

நாற்பதாம் நாளுக்கு வந்துவிடு. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நம் ஆண்கள் செய்வதுபோல் தெருமுனையிலிருந்தே "அப்பா" என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டு வா. நான்கு வருடமாக நீ அவரைக் கூப்பிடவே இல்லை. அம்மாவின் காதில் அது விழ வேண்டும்.

உன் அக்கா,
பெகிமாய்