மீசை சொல்லும் சாட்சி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

பயப்படாதே, சின்ன விஷயம்தான். நான் ஓட்டும் லாண்டரி வேன் ஞாயிறன்று அதிவேகமாகப் போனதாக என் பேருக்கு அபராதச் சீட்டு வந்திருக்கிறது. கேமரா படத்தில் ஸ்டியரிங் பிடித்திருப்பது எங்கள் முறுக்கு மீசை சூப்பர்வைசர். “கேஸெல்லாம் எதுக்குப்பா? படத்துல உன்ன மாதிரியேதான் இருக்கு” என்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த ஆள் வெறும் தட்டிலேயே மறைக்கிறான்.

விடப்போவதில்லை, வழக்காடப் போகிறேன். அதே நேரம்தான் மீசை மழித்த முகத்தோடு உன்னிடம் வீடியோவில் பேசினேன். “உரிச்ச கோழி மாதிரி இருக்கீங்க” என்று சிரித்துப் படம் பிடித்தாயே, அதை அனுப்பு.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. படம் இல்லையென்றால் தேடியும் கிடைக்கவில்லை என்று சொல், அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.