போட்டாச்சு மாப்ள

போடியில் ஒரு மொட்டை மாடியில் இன்று பழைய ஆன்டெனாவைக் கழற்றினேன். கேபிள் முனையில் தண்ணீர் இறங்காமல் இருக்க நீ சுற்றிய ரப்பர் டேப், அதன் ஓரத்தில் பல் தடம். சட்டைப்பையில் கத்தி இருக்கும்போதே பல்லால் கடித்து அறுப்பவன் நீ ஒருவன்தான். சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ போய் இரண்டு வருடமாகியும் அது குறையவில்லை.

வயர் இழுக்க முடியாத இடங்களுக்குத் தட்டு ஆன்டெனா வைத்து நெட் கொடுக்கும் நம் வேலையே குரலை நம்புகிற வேலை. இந்தப் பக்கம் மாடியில் நான், அந்தப் பக்கம் மலையில், ஏலத்தோட்டத்துக் கோபுரத்தில் நீ. இரண்டு தட்டும் நேருக்கு நேர் பார்க்கும்வரை போனில் பேசிக்கொண்டே நூலளவு நூலளவாகத் திருப்புவோம். பாதி வழியில் சிக்னல் ஒருமுறை ஏறி ஏமாற்றும். அதிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கிப் போகிறவர்கள் உண்டு. நீ விடமாட்டாய். "அது கள்ளச் சிக்னல் மாப்ள, இன்னும் தள்ளிப் போயித் திரும்பி வா" என்பாய். சிக்னல் எண்ணைச் சொல்லும்போது நீ ஒன்றைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

ஒவ்வொரு முறையும் நீ கோபுரம் ஏறியதும் நான் முதலில் கேட்பது, இடுப்பிலிருந்து கம்பியில் கொக்கி மாட்டும் பெல்ட்டைப் பற்றித்தான்.

"ஏலே, பெல்ட் போட்டியா?"

"போட்டாச்சு மாப்ள. நீ நம்பரச் சொல்லு."

அந்த ஆடி மாதமும் அதையே சொன்னாய். காற்று பேயாக அடித்தது. நாளைக்குப் பார்ப்போம் என்றேன். "தோட்டத்து ஆபீஸ்ல ரெண்டு நாளா நெட் இல்லாம இருக்காக. அஞ்சு நிமிசம்" என்றாய். போல்ட்டைத் தளர்த்தியதும் காற்று தட்டைத் தள்ள, தட்டு உன்னைத் தள்ளியதாகக் கீழே நின்ற தோட்டத்து ஆட்கள் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது போன் விழுந்த சத்தம் மட்டும்.

உன் வண்டிப் பெட்டியை நான்தான் திறந்தேன். பெல்ட் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. கொக்கியில் ஒரு கீறல் இல்லை. ஒரு நாளும் நீ அதைப் போடவில்லை. அத்தனை வருடமும் என் காதில் பொய் சொல்லியிருக்கிறாய். செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். நான் திட்டுவேன்.

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெல்ட்டு போட்டிருந்தானாய்யா எம்புள்ள?" என்று கேட்டாள்.

"போட்டிருந்தான் ஆத்தா. பெல்ட்டுதான் அந்துபோச்சு."

உன் பொய்யை என் வாயாலும் சொல்ல வைத்துவிட்டாய். அதை இன்றுவரை என்னால் திருத்த முடியவில்லை.

இப்போது மலைப் பக்கம் ஏறுபவர் கம்பம் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். பெல்ட் கொக்கி மாட்டிய போட்டோ வராமல் நான் சிக்னல் பார்க்கும் லேப்டாப்பைத் திறப்பதில்லை. இன்றும் போனில் முணுமுணுத்தார்.

"என்னைய நம்ப மாட்டியாப்பா?"

"நம்ப மாட்டேண்ணே. போட்டோ அனுப்புங்க."

இதை ஒரு தடவையாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சிநேகிதனிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். அந்தக் கோபம் மட்டும் உன் மேல் இல்லை.