கொண்டையோடு சேர்த்து அளந்த உயரம்

மாமா,

நம்ம பையன் தீர்த்தனுக்கு இன்னிக்கே மொட்டை போடணும். மொட்டைத் தேதியைப் பத்தி நான் வாயே திறக்கக் கூடாதுன்னு உங்க அம்மா சொல்லியிருக்காங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்.

போன வாரம் பார்க்குல ஆடுற கப்பலுக்கு உயரம் பார்த்தாங்களே, அந்தக் கோட்டைத் தொட்டது அவன் தலையில்ல. தீர்த்தமலைக்கு வேண்டி வளர்த்த முடியில போட்ட கொண்டை. தெரிஞ்சே ஏத்திவிட்டீங்க. நீங்க காட்டின வீடியோவுல கப்பல் மேல போறப்ப அவன் மடிக்கு மேல போட்ட பாதுகாப்புக் கம்பிக்கு அடியில கழுத்து வரைக்கும் சறுக்கறான். நீங்க சிரிக்கற சத்தம் கேக்குது. “டிகிரி படிச்சவளுக்குக் கப்பல்னா பயமா?”ன்னு கேட்டீங்க. ஆமா, பயம்தான்.

நாளைக்கு உங்க அக்கா குடும்பத்தோட மறுபடியும் போறீங்க. அவனுக்குக் குட்டி ரயிலும் குதிரை ராட்டினமும் போதும். நான் சொன்னா கேக்க மாட்டீங்க. கொண்டை இல்லன்னா கோடு எட்டாது, பார்க்குக்காரங்களே ஏத்த மாட்டாங்க.

களி மூடி வெச்சிருக்கேன். அவரைக்கொட்டைக் குழம்பைச் சுட வெச்சுக்குங்க. சாவி மீட்டர் பெட்டி மேல.

இன்னொண்ணு. தாய்மாமன் மடிக்கு என் தம்பி அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டான். உங்க அம்மா கேட்டா, நான்தான் முடிவு பண்ணேன்னு சொல்லுங்க. பையன் செருப்பு போட்டுட்டான். கிளம்பறோம்.