ஆற்றங்கரையில் நாலு நாள் என்றார்

ஆகஸ்ட் 12, செவ்வாய். மார்க்கம்.
புழுக்கம். பெட்டி அடுக்கல். நீச்சலுடை 2, தொப்பி, சன்ஸ்கிறீன், புத்தகம் 1. முதியோர் இல்லத்தில் மாசியிலேயே கேட்டு வாங்கிய லீவு. ஏழு வருச வேலையில் எனக்கென்று கேட்டது இதுதான் முதல் தடவை. பாலைவனத்து ஆற்றங்கரையில் நாலு நாள். ஆறு, நான், வேறொன்றும் இல்லை.
இவர் வந்து, "ஒரு நல்ல சீலையும் வையும்."
ஆத்துக்குள் சீலை என்னத்துக்கு?
"சிலவேளை கோயிலுக்குப் போனால்..."
பாலைவனத்தில் கோயில்! வைத்தேன்.

ஆக. 13, புதன்.
லொஸ் வேகாஸில் இறங்கினால் ஆறு கிட்ட. இவர் லொஸ் ஏஞ்சலிஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். அங்கிருந்து ஐந்து மணித்தியாலம் கார். "பாலைவனத்தை வடிவாப் பாக்கலாம்." பார்த்தோம். மண், கல், முள்ளுப் பற்றை. 46 பாகை. கார்க் கதவில் கைவைக்க ஏலாது. மகள் அனுஜா (15): "அம்மா, லிட்றலி நத்திங் ஹியர்."
நிறுத்திய இடமெல்லாம் இவர் தூரப் போய்ப் போன் கதைத்தார். அந்த வெயிலில்!
பின்னேரம் ஆற்றுக்கு வந்து சேர்ந்தோம். பச்சைத் தண்ணீர். முழங்கால்மட்டும் இறங்கி நின்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அழுகை வந்தது, சந்தோசத்தில்.

ஆக. 14, வியாழன்.
காலைச் சாப்பாட்டு மேசையில் இவரின் போன் மின்னியது. அழைப்பிதழ். இவரின் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. சனிக்கிழமை. லொஸ் ஏஞ்சலிஸ். இவர் மாமா முறை, நான் மாமி. தண்ணி வார்க்க வேண்டுமாம், ஆலாத்தி எடுக்க வேண்டுமாம். நாளைக்கு மத்தியானம் புறப்பாடாம்.
"சொன்னால் நீர் வரமாட்டீர் எண்டு தெரியும்."
"அப்ப என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்!"
"ஒண்டரை நாள் ஆத்தில நிக்கலாம்தானே?"
பற்றி எரிகிறது. இதுவரை போன 'ஹொலிடே':
மொன்றியல் – கலியாணம்
லண்டன் – அறுபதாம் பிறந்தநாள்
ஒட்டாவா – செத்தவீடு

ஆக. 15, வெள்ளி.
"ஆக்கள் என்ன நினைப்பினம்?" காலையிலிருந்து மூன்று தரம். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு தரமும் கேட்கவில்லை.
வரேல்லை என்றேன். அனுஜாவும், "ஐ ஆம் ஸ்டேயிங் வித் அம்மா."
மத்தியானம் தனியப் புறப்பட்டார். முகம் கறுத்துப்போய். ஆறு போத்தல் தண்ணீர் காரில் வைத்தேன். கோபம் வேறு, பாலைவனம் வேறு.
"இப்ப அங்க போய் நான் என்னத்தைச் சொல்லுறது?"
"உண்மையைச் சொல்லுங்கோ."

ஆக. 16, சனி.
விடியத் தொடங்கி ஆற்றில். பத்து மணிபோல அனுஜா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அழைப்பில் இவரின் அந்த ஒன்றுவிட்ட அக்கா. பின்னால் வீடியோக்காரர் யாரையோ, "கொஞ்சம் சிரியுங்கோ" என்கிறார்.
"என்ன மச்சாள், கடும் காய்ச்சலாம்? எழும்பேலாமல் படுத்திருக்கிறீராம்? தம்பி சொல்ல, எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது."
காய்ச்சலாம்! கட்டிப் பதினெட்டு வருசம் இவரின் இப்படிப்பட்ட பொய்களுக்கு நானும் சேர்ந்து ஓம் சொன்னவள்தான்.
"காய்ச்சல் ஒண்டும் இல்லை, மச்சாள். ஆத்துக்குள்ள நிக்கிறன். வேலை செய்து களைச்சுப் போனன். அதுதான் வரேல்லை."
அங்கே கதவொன்று சாத்துப்பட்டது, வீடியோக்காரரின் சத்தம் நின்றது.
"எனக்கும் ஒரு கிழமையா ஒழுங்கான நித்திரை இல்லை, மச்சாள்," என்றா. பிறகு, இன்னும் மெதுவாக, "தண்ணி குளிரோ?"