பத்தாம் வகுப்பு கண்டுபிடித்த ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

எனக்கு லேசாகக் கண்வலி வந்து போய்விட்டது, கவலைப்படாதீர்கள். என் வகுப்பில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்தான் கொண்டுவந்தாள் என்று அவளைத் தனி பெஞ்சில் ஒதுக்கிவிட்டார்கள். தொற்றுநோய்ப் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தேன். "யாருக்கு என்னைக்கு வந்தது, எதைத் தொட்டாங்கன்னு எழுதிப் பாருங்க" என்றேன்.

தேதிவாரியாக எழுதினால் அவள் ஏழாவது ஆள். முதல் ஆறு பேரும் என் மார்க்கர் பேனாவை வாங்கி வெள்ளைப் பலகையில் எழுதியவர்கள். அவள்தான் எழுந்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. திங்கட்கிழமையே உங்க கண்ணு சிவந்திருந்துச்சு."

"ஆமாம்மா. கண்ணைக் கசக்கிட்டு அதே கையால பேனாவைக் கொடுத்தது நான்தான். என்னை மன்னிச்சிடு" என்றேன்.

ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் போனார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம், அப்பா. ஆசிரியரையே பிடித்துவிட்டார்களே!

அம்மாவைப் பழைய பருத்திப் புடவையில் நாலு கைக்குட்டை தைத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே நீளமாக ஒரு கடிதமும் வைக்கட்டும். ஞாயிறானால் அறையில் பேச ஆளில்லை.

மணி அடித்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன், பயமில்லாமல் படியுங்கள்.

உங்கள் மகள்