சாக்குச் சட்டையைக் கழற்றும் நாள்

இன்று நம் களத்தில் சம்பா நெல்லை மூட்டை பிடித்தார்கள். புதுச் சாக்கை உதறியதும் கிளம்பிய சணல் வாசனையில், பின்னால் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று திரும்பிவிட்டேன். யாரும் இல்லை.

மழை பிடித்திருந்த அன்று, "மோட்டார போட்டுட்டு வாடா" என்று நம் பையனைக் கொல்லைக்கு அனுப்பியது நீங்கள். கரண்ட் அடித்து அவன் அங்கேயே போய்விட்டான். நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் அடுத்த சாம்பல் புதனன்று ஒரு நெல் சாக்கை வெட்டி, கையில்லாத சட்டையாகத் தைத்து உள்ளே போட்டுக்கொண்டீர்கள். மேலே வழக்கம்போல வெள்ளைச் சட்டை. ஊரில் மற்றவர்கள் தவக்காலத்துக்குக் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள், திரும்பியதும் கழற்றினார்கள். நீங்கள் ஈஸ்டர் முடிந்தும் விடவில்லை. குளிக்கும்போது கழற்றுவதோடு சரி. பிடிவாதத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

பொறுக்காமல் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நெஞ்சுச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "பைபிள்ல சொல்ற சாக்கு இது இல்லங்க. அது ஆட்டு மயிர்ல நெய்த முரட்டுத் துணி" என்றார். அந்தக் காலத்தில் பெரும் பாவம் செய்தவர்கள் அதை உடுத்தி, சாம்பல் பூசிக் கோயில் வாசலில் நின்றதையும், துறவிகளும் சில அரசர்களும் நல்ல உடுப்புக்கு அடியில் அதை மறைத்து அணிந்ததையும், காலப்போக்கில் எல்லாம் நெற்றிச் சாம்பலாகச் சுருங்கியதையும் சொன்னார். கடைசியில்தான் எனக்கு வேண்டியது வந்தது. "ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்னிக்கு பிஷப்பே அவங்களக் கோயிலுக்குள்ள அழைச்சுக்குவாரு. அதோட சாக்கு போயிரும். போடுறதுக்கு மட்டுமில்லங்க, கழட்டுறதுக்கும் நாள் வச்சிருந்தாங்க."

வீடு வரும் வழியெல்லாம் கெஞ்சினேன். "வர்ற வியாழன் கழட்டிடுங்க. நான் உங்கள ஒரு வார்த்த குத்தம் சொன்னதுண்டா?"

"சொல்லியிருந்தா இது எதுக்குடி எனக்கு?"

எத்தனையோ பெரிய வியாழன் வந்து போனது. கேட்டால், "அடுத்த வருசம் பாப்போம்" என்பீர்கள். சாயங்காலம் குளித்து வந்ததும் தடித்துச் சிவந்த முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்கள். பிறகு மறுபடியும் அதே சாக்கு.

போன வருடம் அந்த வியாழன் வருவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது. உங்களைக் குளிப்பாட்டும்போது சாக்கை நானே கத்தரித்து எடுத்தேன். "போதுங்க" என்றேன். உயிரோடு இருக்கும்போது நீங்கள் கேட்டிருக்கக் கூடாதா? வெறும் வெள்ளைச் சட்டையோடு அனுப்பிவைத்தேன்.

எண்ணெய்ப் பாட்டில் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. சாயங்காலமானால் என்னையும் அறியாமல் உள்ளங்கையில் ஊற்றிக்கொள்கிறேன். அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.